பெரிய வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பெயர்களை ஊருக்குக் கொண்டுவாருங்கள்

ஸ்லைகோ கவுன்ட்டி கவுன்சில் உறுப்பினர்களுக்கும், கவுன்ட்டி நூலகத்தாருக்கும், அயர்லாந்து ஹெரிட்டேஜ் கவுன்சிலுக்கும்

வணக்கம்.

நான் ஸ்லைகோவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இதே விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்குத் தபாலிலும் அனுப்புகிறேன். இங்கே தமிழில் எழுதுவது, இந்தக் கரையோரத்தில் குடியேறியிருக்கும் எங்கள் ஆட்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லிஸ்ஸடெல் கடற்கரைக்குப் போகிறவர்கள் நாங்கள். அந்த மண்ணில் யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். அந்த நிலங்களை விட்டுப் போன குடியானவர்களின் பெயர்கள் பழைய ஜமீன் காகிதங்களில் கிடக்கின்றன, அவற்றைப் பிரதியெடுத்து ஸ்லைகோவில் வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

லிஸ்ஸடெல் வீடு என்பது கோர்-பூத் என்ற ஜமீன்தார் குடும்பத்தின் மாளிகை. இப்படிப்பட்ட ஜமீன் மாளிகையைத்தான் இங்கே பெரிய வீடு என்பார்கள். முதல் தடவை அதற்குள் போனபோது நான் அதிக நேரம் நின்றது சாப்பாட்டு அறையில். அங்கே சுவரோடு ஒட்டிய தூண்களில் ஆளுயரப் படங்கள் இருக்கின்றன. 1908இல் அந்த வீட்டு மாப்பிள்ளை காசிமிர் மார்கியேவிச் வரைந்தவை. வீட்டுக்காரர்களோடு வேலைக்காரர்களும் அந்தத் தூண்களில் நிற்கிறார்கள். பட்லர் தாமஸ் கில்கலன் ஒரு தூணில். வேட்டைக் காவலரும் காட்டைப் பார்த்துக்கொண்டவரும் வேறு தூண்களில். கில்கலன் சாதாரண ஆள் கிடையாது. அவருடைய எஜமான் சர் ஹென்றி கோர்-பூத் ஆர்க்டிக் கடலுக்குக் கப்பலேறியபோது கூடவே போய்வந்தவர். பரிமாறிய அறையின் சுவரிலேயே பரிமாறியவரும் பெயரோடும் முகத்தோடும் நிற்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது.

இன்னோர் அறையில் ஒரு ஜன்னல் கண்ணாடியைக் காட்டினார்கள். அந்த வீட்டுப் பெண் கான்ஸ்டன்ஸ் வைரத்தால் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். பிற்பாடு பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் டப்ளினில் துப்பாக்கியோடு நின்று, மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1918இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணாகி, அந்த நாற்காலியில் உட்கார மறுத்து, 1919இல் அயர்லாந்தின் தொழிலாளர் அமைச்சரான அதே கான்ஸ்டன்ஸ் மார்கியேவிச்தான். அவருடைய தங்கை ஈவா கோர்-பூத் மான்செஸ்டருக்குப் போய் ஆலைப் பெண்களுக்குச் சங்கம் கட்டினார். 1894இல் கவிஞர் யேட்ஸ் லிஸ்ஸடெல்லில் விருந்தாளியாகத் தங்கினார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவது இதற்காகத்தான். வரட்டும், நல்லது.

அன்றைக்கு வெளியே வந்ததும் பக்கத்து வயலுக்கு நடந்தோம். அதற்குப் பாலிகில்கன் என்று பெயர். ஊரில் வாத்து வயல் என்பார்கள். கிரீன்லாந்திலிருந்து பார்னக்கிள் வாத்துகள் அக்டோபரில் அங்கே வந்து இறங்கி, குளிர்காலம் முழுக்கப் புல் மேய்ந்துவிட்டு ஏப்ரலில் திரும்பிப் போகின்றன. அரசின் இயற்கைக் காப்பிடம் அது. பறவை பார்க்கும் மறைவிடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். நூற்றுக்கணக்கில் கறுப்புக் கழுத்தும் வெள்ளை முகமுமாக ஒரே திசையைப் பார்த்து நின்று மேய்ந்தன. என் மகள் எண்ண ஆரம்பித்து, எண்பதைத் தாண்டியதும் கை விட்டுவிட்டாள்.

அந்த வயலைப் பற்றிய வேறொரு கதையை எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். அவருடைய கொள்ளுத் தாத்தாவின் சொந்தக்காரர்கள் அந்த நிலத்தில் குத்தகைக்கு இருந்தவர்களாம். 1830களில், இப்போதிருக்கும் வீட்டைக் கட்டிய சர் ராபர்ட் கோர்-பூத் அந்த நிலத்தை வாங்கிக் குடியானவர்களைக் கிளப்பிவிட்டார். சிலருக்கு வேறு நிலம் கிடைத்தது, சிலர் கப்பலேறினார்கள். பொமானோ என்ற அந்தக் கப்பல் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே மூழ்கிவிட்டது என்று ஊரில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கப்பல் பதிவுகளைத் தேடியவர்களோ அதே கப்பல் அதற்குப் பிறகும் ஓடியது என்கிறார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கப்பலில் ஏறியவர்களின் பெயர் என்ன, அதைச் சொல் முதலில் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. அவர் இப்போது இல்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கடிதம்.

ஊரின் ஒரு பக்கம் கோர்-பூத்கள் கொடியவர்கள் என்று சொல்கிறது. இன்னொரு பக்கம், 1840களின் பெரும் பஞ்சத்தில் சொத்தை அடகு வைத்து ஊருக்குச் சோறு போட்டவர்கள் என்று சொல்கிறது. 1879, 1880 பஞ்சத்தில் சர் ஹென்றி வீட்டுக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டதையும் சொல்வார்கள். 1903 நிலச் சட்டம் வந்ததும் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த சர் ஜோஸ்லின் நிலத்தின் பெரும்பகுதியைக் குத்தகைதாரர்களுக்கே விற்றது எழுத்தில் இருக்கிற உண்மை. நல்லவரா கெட்டவரா என்ற இந்தப் பஞ்சாயத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ஓய்ந்தபாடில்லை. இரண்டு பக்கமும் பெரிய வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேசுகிறது என்பது என் வருத்தம். கிளப்பிவிடப்பட்ட குடும்பத்தின் தலைவர் பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், எவ்வளவு வாடகை பாக்கி, எந்தக் கப்பல், போய்ச் சேர்ந்தார்களா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிப் பஞ்சாயத்து தானே தீர்ந்துவிடும்.

பதில் எங்கே இருக்கும் என்று ஓய்வு நேரத்தில் தேடிப் பார்த்தேன். தேடத் தேட, உங்கள் நாட்டில் ஏழைகளின் பெயர் எப்படி அழிந்தது என்று புரிந்தது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் மிகச் சிலவற்றைத் தவிர எல்லாம் சாம்பல். 1861 முதல் 1891 வரை எடுத்தவற்றை அரசே முன்னதாக அழித்துவிட்டது. 1922க்கு முன் எடுத்தவற்றில் முழுசாக மிஞ்சியவை 1901, 1911 இரண்டும்தான். அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் யார் யார், வயது என்ன, எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் பேசுவார்களா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெரிய வீட்டு வேலைக்காரப் பெண்கள்கூட அதில் பெயரோடு இருக்கிறார்கள். ஆனால் பஞ்சக் காலத்துக்கு அது உதவாது. திருச்சபைக்குக் கட்ட வேண்டிய தசமபாக வரியின் கணக்குப் புத்தகங்கள் 1820, 30களைச் சேர்ந்தவை. அவற்றில் நிலம் வைத்திருந்தவரின் பெயர் இருக்கும், அந்த நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டு உருளைக்கிழங்கு விளைவித்த கூலிக்காரரின் பெயர் இருக்காது. வரி போடுவதற்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்ட கிரிஃபித் மதிப்பீடு ஸ்லைகோவுக்கு எடுத்து முடிந்தபோது பஞ்சம் கடந்துவிட்டது. செத்தவரும் கப்பலேறியவரும் அதில் இல்லை.

அப்புறம் எங்கேதான் இருக்கிறார்கள்? ஜமீன் கணக்கில் இருக்கிறார்கள். வாடகைப் பேரேட்டில், பாக்கிப் பட்டியலில், ஜமீனை நிர்வகித்த ஏஜென்ட் எழுதிய கடிதத்தில், கப்பல் கட்டணம் கட்டிய ரசீதில். யார் அவர்களைக் கிளப்பிவிட்டார்களோ அவர்களுடைய காகிதம்தான் இன்றைக்கு அவர்கள் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து பெரிய வீட்டுப் பழைய பெட்டிகளைப் பற்றி என் எண்ணமே மாறிவிட்டது. அவற்றை ஒரு குடும்பத்தின் சொந்தக் காகிதமாக மட்டும் பார்க்க இனி என்னால் முடியாது.

லிஸ்ஸடெல் பெட்டிகள் இப்போது இங்கே இல்லை. பெல்ஃபாஸ்டில், வட அயர்லாந்து பொது ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நன்றாகப் பராமரிக்கிறார்கள், யார் போனாலும் எடுத்துத் தருவார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ட்ரம்கிளிஃபில் இருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளை தன் டவுன்லேண்டில் 1846இல் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள, எல்லை தாண்டி இன்னொரு நகரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. டவுன்லேண்ட் என்றால், எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன், சில வயல்களும் சில வீடுகளும் சேர்ந்த மிகச் சின்ன நிலப் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு.

லிஸ்ஸடெல்லிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் முல்லாமோர். மேட்டில் ஒற்றையாக நிற்கிறது கிளாஸிபான் மாளிகை. தனியார் சொத்து, உள்ளே போக முடியாது. சாலையிலிருந்து பார்த்தால் முன்னால் கடல், பின்னால் பென்புல்பென் மலை, நடுவில் இந்தக் கட்டடம். அஞ்சல் அட்டைகளில் நீங்கள் அதிகம் அச்சடிக்கும் காட்சிகளில் ஒன்று. அதைக் கட்டத் தொடங்கியவர் அந்தப் பகுதியின் ஜமீன்தார் பாமர்ஸ்டன் பிரபு. பிரிட்டனின் வெளியுறவு மந்திரியாகவும் பிறகு பிரதமராகவும் இருந்தவர். முல்லாமோர் துறைமுகத்தைக் கட்டுவித்தார், பறக்கும் மணலை நிறுத்தக் கரையெங்கும் புல் நட்டார். இன்றைக்கும் அந்தப் புல் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. 1847இல் அவருடைய ஏஜென்டுகள் ஸ்டூவர்ட்டும் கின்கெய்டும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைக் கப்பல்களில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் சர் ராபர்ட் கோர்-பூத்தும் தன் குடியானவர்களை அனுப்பினார். நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ட் ஜான் துறைமுகத்தில் நவம்பர் குளிரில் ஏயோலஸ் கப்பலில் வந்து இறங்கிய பாமர்ஸ்டனின் ஆட்களைப் பார்த்து அந்த நகரத்தார் அதிர்ந்துபோய், கிழவர்களையும் உடுத்தத் துணியில்லாதவர்களையும் எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று புகார் எழுதினார்கள். துறைமுகத்துக்கு வெளியே பார்ட்ரிட்ஜ் தீவில் காய்ச்சலில் செத்தவர்களை மொத்தமாகப் புதைத்திருக்கிறார்கள்.

போனவர்கள் எழுதிய கடிதங்களும் சில உண்டு. சர் ராபர்ட் அவற்றைப் பிரபுக்கள் சபைக் குழுவிடம் கொடுத்தார், அறிக்கையில் அச்சாகியிருக்கின்றன. அனுப்பியவரே பொறுக்கிக் கொடுத்த கடிதங்கள், அதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் அவை அவர்கள் குரல். அதை ஸ்லைகோவில் ஒரு பலகையில் நான் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பாமர்ஸ்டனின் காகிதங்கள் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அதே தொகுப்பில்தான் கிளாஸிபானின் இன்னொரு குடியிருப்பாளர் மவுன்ட்பேட்டனின் காகிதங்களும் இருக்கின்றன. எங்களுக்கு அவர் இந்தியாவின் கடைசி வைஸ்ராய். 1947 ஆகஸ்ட் எங்கள் பாடப் புத்தகங்களில் அவர் படத்தோடுதான் இருக்கும். உங்களுக்கு அவர் கோடையில் படகோட்ட வருகிற ஆள். 1979 ஆகஸ்ட் 27 அன்று அவர் படகில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த வெடியில் அவரோடு 14 வயதுப் பேரன் நிக்கலஸும், படகு வேலைக்கு வந்திருந்த 15 வயதுப் பால் மாக்ஸ்வெல்லும் இறந்தார்கள். பேரனின் இன்னொரு பாட்டி பிரேபோர்ன் சீமாட்டி மறுநாள் இறந்தார். முல்லாமோரில் அந்தப் படகுத்துறையில் நிற்கும்போது எனக்கு மூச்சு முட்டும். 1847இல் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுப் போனவர்களின் நினைப்பும் வரும், படகில் போன அந்தப் பையன்களின் நினைப்பும் வரும். ஒன்றைச் சொல்வதால் இன்னொன்று சின்னதாகிவிடாது.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. லிஸ்ஸடெல் காகிதங்களிலும் பாமர்ஸ்டன் காகிதங்களிலும் வட ஸ்லைகோவின் குடியானவர் பெயர் உள்ள பக்கங்களை, அதாவது வாடகைப் பேரேடு, வெளியேற்றப் பட்டியல், கப்பல் பட்டியல், இவற்றை மட்டும் பிரதியெடுத்து ஸ்லைகோ நூலகத்தில் வையுங்கள். டவுன்லேண்ட் வாரியாகத் தேடும்படி இணையத்திலும் போடுங்கள். எல்லைகளைத் தாண்டிப் பிரதி வாங்குவது நடக்கிற காரியம்தான். 1922 தீயில் போனதை உலகம் முழுக்க உள்ள பிரதிகளிலிருந்து மறுபடி சேர்க்கும் டிரினிட்டி கல்லூரியின் விர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரி 2022இலிருந்து அதைச் செய்துகொண்டிருக்கிறது. பெல்ஃபாஸ்ட் காப்பகமும் அதில் பங்குதாரர். பட்டியல் கைக்கு வந்த பிறகு பாலிகில்கன் வயலோரத்திலும் முல்லாமோர் படகுத்துறையிலும் அந்தப் பெயர்களைப் பொறித்து வையுங்கள். பெயர், வயது, டவுன்லேண்ட். அவ்வளவு போதும்.

உங்கள் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. ராஸ்காமன் கவுன்ட்டியில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகையை 1979இல் வாங்கிய உள்ளூர் வியாபாரி, ஜமீன் அலுவலகத்தில் கிடந்த காகிதக் குவியலை எரித்துவிடாமல் உட்கார்ந்து படித்தார். பசியில் குடியானவர்கள் எழுதிய மனு அதில் அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் அங்கே இருக்கும் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம். 1847இல் அந்த ஜமீனிலிருந்து டப்ளினுக்கு நடத்திக் கொண்டுபோகப்பட்ட 1,490 பேரின் வழி இன்றைக்கு 165 கிலோமீட்டர் நடைபாதை. வழியெங்கும் வெண்கலத்தில் வார்த்த குழந்தைச் செருப்புகள். நானும் மகளும் அதில் ஒரு நாள் நடந்தோம். ஒரு செருப்பைத் தொட்டுப் பார்த்து, இது என் சைஸ் என்றாள். அங்கே யாரும் பெரிய வீட்டை வெறுக்கவில்லை. மாளிகையையும் பார்க்கிறார்கள், பஞ்சத்தையும் பார்க்கிறார்கள்.

உங்களில் சிலர் என்ன சொல்வீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. பழசைக் கிளற வேண்டாம், இப்போதுதான் சண்டை ஓய்ந்திருக்கிறது என்பீர்கள். லிஸ்ஸடெல் நிலத்தின் பாதைகளில் ஊரார் போக உரிமை உண்டா என்ற வழக்கு 2013இல் அயர்லாந்து சுப்ரீம் கோர்ட் வரை போனது எனக்கும் தெரியும். ஊரில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் 2003இல் வீடு விலைக்கு வந்தபோது அரசு வாங்காமல் விட, வாங்கிச் செப்பனிட்டது ஒரு குடும்பம். அவர்கள் காப்பாற்றியிருக்காவிட்டால் கில்கலன் தூணும் கான்ஸ்டன்ஸ் கண்ணாடியும் எனக்குப் பார்க்கக் கிடைத்திருக்காது. அதற்கு நான் நன்றியுள்ளவள். 1920க்கும் 1923க்கும் இடையில், விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும், இருநூறுக்கும் மேற்பட்ட பெரிய வீடுகள் எரிந்தன. வீட்டோடு சேர்ந்து எத்தனை வாடகைப் பேரேடுகள் எரிந்தன என்று நினைத்தால், பிழைத்த வீடுகளின் காகிதத்தை இவ்வளவு தூரத்தில் விட்டுவைப்பது சரியாகப் படவில்லை. இதில் யார் மீதும் குற்றப்பத்திரிகை எழுதச் சொல்லவில்லை.

வெளிநாட்டுக்காரி, உனக்கென்ன என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. இந்த ஊர் ஆட்கள் அப்படிக் கேட்கிறவர்களும் கிடையாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கஜானாவில் இருந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த சார்ல்ஸ் ட்ரெவெல்யன், 1859இல் சென்னை மாகாணத்துக்கே கவர்னராக வந்தார். எங்கள் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம் என்றால் இன்றைக்கும் பாட்டிமார் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நாட்டாலுக்குப் போன ட்ரூரோ கப்பலின் பயணிகள் பட்டியல் பத்திரமாக இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் அதில் உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து அந்தப் பட்டியலின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கிராமங்களில் வந்து கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊர் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பான். ஆனாலும் எழுதியிருக்கிறானே என்று அதையே தடவித் தடவிப் பார்ப்பார்கள். செயின்ட் ஜானிலிருந்து ஸ்லைகோவுக்கு வருகிறவர்களுக்கும் அப்படி ஒரு தாளைக் கையில் கொடுக்க உங்களால் முடியும்.

இன்னொரு சின்ன விஷயம். 1937 முதல் 1939 வரை உங்கள் பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் ஊர்க் கதைகளைக் கேட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதினார்கள். அவ்வளவும் இணையத்தில் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளைகளின் தாத்தாக்களில் பலர் பஞ்சத்தைப் பார்த்தவர்களின் மகன்கள். வட ஸ்லைகோப் பள்ளிகளின் நோட்டுகளையும் ஜமீன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை இன்றைய பிள்ளைகளிடமே கொடுக்கலாம். எங்கள் பிள்ளைகளும் அதே பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். டாக்டர்களின் கையெழுத்தைப் பல வருஷம் படித்துப் பழகியவள் நான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எனக்கு ட்யூட்டி கிடையாது. என்னோடு வேலை பார்க்கும் இன்னும் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நூலகத்தில் ஒரு மேசையும் முதல் கட்டுக் காகிதத்தின் பிரதியும் கொடுத்தால், பாலிகில்கனிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்லைகோவில் வசிக்கும் ஒரு தமிழ் நர்ஸ்